வயிறு நிறைந்த மாடு

மாட்டின் முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடந்தால் சந்தோஷப்பட வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், ரெட் டியர் நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் காரில் போன பிறகு, முள்கம்பி வேலிக்கு அப்பால் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பு மாடுகள் வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தன. எல்லா முதுகிலும் வெள்ளைவெளேர் என்று பனி. "ஐயோ, பாவம்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பி மகன் சிரித்தான். "அத்தை, உடம்புச் சூடு வெளியே கசிஞ்சாதானே பனி உருகும்? உருகலைன்னா, அந்த ரோமம் சூட்டை உள்ளேயே பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். உருகி ஈரமா நிக்கிற மாட்டைப் பார்த்தாதான் நான் பயப்படுவேன்."

அன்று மைனஸ் 28 டிகிரி. நான் மூன்று சட்டை, இரண்டு காலுறை, அதற்கு மேல் தம்பி மருமகளின் தடித்த கோட்டு. அப்படியும் காரை விட்டு இறங்கியதும் மூக்குக்குள் ஏதோ மொறுமொறு என்றது. மூச்சு உறைகிறது என்றான். கோலசிலாங்கூர் வெயிலில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் தேவையா?

போனது குழந்தை பார்க்கத்தான். அவனுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். செர்டாங்கில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அங்கே போனவன், இப்போது நாய் பூனை பார்ப்பதில்லை. பெரிய மிருகங்கள் மட்டும்தான். குழந்தை பகலெல்லாம் தூங்கியது. "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு என்கூட வாங்க அத்தை" என்று கூப்பிட்டான். போனேன். இரண்டு நாள் போனேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாட்டிறைச்சி சாப்பிடாதவள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல வீடுகளும் அப்படித்தான் என்று தெரியும். அந்தப் பண்ணையில் இருப்பவை கறவை மாடுகள் அல்ல. அங்கே பிறக்கும் கன்றுகள் இலையுதிர் காலத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கொழுக்க வைக்கும் பண்ணைகளுக்கு விற்கப்படும். அதன் பிறகு எங்கே போகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. தாய் மாடுகள் பத்து வருடமும் அதற்கு மேலும் அங்கேயே இருக்கும். வருடத்துக்கு ஒரு கன்று. எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. கடைசி வரை ஒப்பவில்லை. ஆனால் பனியில் சினையாக நிற்கும் அந்தத் தாய் மாடுகளுக்கு என்ன போடுவது, எவ்வளவு போடுவது என்று அந்தப் பண்ணைக்காரரும் அவர் மனைவியும் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்தபோது, எனக்குள் ஏறக்குறைய 50 வருடமாகக் கிடந்த ஒரு கதையின் முடிச்சு அவிழ்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே குளிர்காலத்தில் மேய்ச்சல் கிடையாது. பல மாதங்கள் புல்லுக்கு மேல் பனி. அந்த மாதங்களுக்கான தீனியைக் கோடையிலேயே அறுத்து, காயவைத்து, ஆளுயர உருளைகளாகச் சுருட்டி அடுக்கி வைத்துவிட வேண்டும். ஓர் உருளை 500, 600 கிலோ. பண்ணைச் செலவிலேயே பெரியது இந்தக் குளிர்காலத் தீனிதான். அந்தக் காலம் முழுக்க மாட்டால் ஒரு காசு வருமானம் கிடையாது. பால் இல்லை, கன்று இல்லை. நின்று தின்பது மட்டும்தான். மிச்சம் பிடிக்கலாமா என்று யாருக்கும் கை அரிக்கும்.

மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல உலர்புல்லைக் குறைத்து, தானியம் அறுத்த பிறகு மிஞ்சும் வைக்கோலைக் கூட்டுவது. ஓட்ஸ் வைக்கோல், பார்லி வைக்கோல், கோதுமை வைக்கோல் என்று மூன்று உண்டு. அவற்றில் ஓட்ஸ் வைக்கோலைத்தான் மாடு விரும்பித் தின்னும். வைக்கோல் மலிவு. வயிறும் நிறையும். நாமும் அதைத்தானே செய்வோம்!

2021ல் அங்கே கடும் வறட்சி. புல் வளரவே இல்லை. உலர்புல் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. கிழக்கு மாநில விவசாயிகள் மேற்கே இருப்பவர்களுக்கு உலர்புல் அனுப்பி உதவும் இயக்கம்கூட நடந்தது. 2002 வறட்சியிலும் அப்படி அனுப்பினார்களாம். 2012ல் கிழக்கே வறண்டபோது மேற்கிலிருந்து புல் திரும்பிப் போனது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குப் புல்லை ஏற்றி அனுப்பும் நன்றிக்கடன்! அந்த 2021 குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டபோது பண்ணைக்காரரின் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த வசந்தத்தில் நாங்கள் தூங்கவே இல்லை" என்று மட்டும் சொன்னார்.

வைக்கோலில் என்ன சிக்கல் என்பதை என் தம்பி மகன் காரிலேயே எனக்குப் பாடம் எடுத்தான். மாடு தின்பதை மாடு செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவைதான் நாரை உடைத்துச் சத்தாக்கித் தருகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கும் சாப்பாடு வேண்டும். தீனியில் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். வைக்கோலில் இருப்பது 4, 5 விழுக்காடுதான். அப்போது தின்ற வைக்கோல் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். உள்ளே இருப்பது காலியானால்தானே அடுத்த வாய் இறங்கும்? மாடு வயிறு புடைக்க நிற்கும், அசை போடும், பார்க்க நிறைவாக இருக்கும். உள்ளே பட்டினி. ரொம்ப மோசமானால் வயிற்றிலேயே இறுகிக்கொண்டு மாட்டைக் கொன்றுவிடும்.

"அப்போ வைக்கோலே போடக் கூடாதா?" என்றேன்.

"போடலாம் அத்தை. தனியாப் போடக் கூடாது. கூட ஏதாவது வேணும்."

அந்தப் பண்ணையில் 600 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளுக்குச் சுமார் 13 கிலோ காய்ந்த தீனி தின்கிறது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைக்கோல், மிச்சம் உலர்புல், ஒன்றிரண்டு கிலோ உடைத்த பார்லி, ஒரு கை கனோலா புண்ணாக்கு, தாது உப்பு. காய்ந்த புல் நாளாக நாளாக விட்டமின் ஏ சத்தை இழந்துவிடுவதால் அதையும் சேர்க்கிறார்கள். அளவை நினைவில் வைக்க அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. சினையின் நடு மாதங்களில் தீனியில் செரிக்கும் சத்து 55 விழுக்காடு, கடைசி மூன்று மாதம் 60, கன்று போட்ட பிறகு 65. புரதம் 7, 9, 11. நம் வீட்டுப் பாட்டிகள் அரிசிக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் என்று சொல்வது மாதிரி இதைச் சரளமாகச் சொல்கிறார்கள். நடுப்பகலிலேயே மைனஸ் 20க்குக் கீழே போனால், அதற்குக் கீழான ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஒரு கிலோ தானியம் கூடுதல். குளிருக்கு மாட்டின் போர்வை தீனிதான்.

உலர்புல்லைக் கண்ணால் பார்த்து மதிப்பிடவும் முடியாதாம். பச்சையாக, வாசனையாக இருந்த ஓர் உருளையை "இதுதான் நல்லது" என்று நான் காட்டினேன். அதைவிடப் பழுப்பாக இருந்ததில்தான் புரதம் அதிகம். நீளமான குழாய் பொருத்திய துளைக்கருவியை உருளைக்குள் செலுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த அறிக்கை சமையலறைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது, பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில்.

இரண்டாம் நாள் ஓர் இளம் மாடு தனியே நின்றது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது. "இது இரட்டைக் கன்று போடும் போல" என்றேன், மாடு தெரிந்தவள் மாதிரி.

"அது கன்னு இல்லை அத்தை. வைக்கோல்."

மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்திவிட்டு என் கையை எடுத்து அதன் இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவே வைத்தான். ரோமம் அடர்த்தியாக, கம்பளி மாதிரி இருந்தது. அழுத்தச் சொன்னான். அழுத்தினேன். ரோமத்துக்குக் கீழே சதையே இல்லை. எலும்பு முனைகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கைக்குத் தட்டுப்பட்டன. அங்கே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். கன்று போடும் நேரத்தில் மூன்று இருக்க வேண்டும். இதற்கு இரண்டுதான். குளிர்கால ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடுவதால் கண்ணை நம்பாமல் கையை நம்புகிறார்கள். மூன்று வயது மாடு. இப்போதுதான் இரண்டாவது சினை. பெரிய மாடுகள் முட்டித் தள்ளிவிட்டு நல்ல புல்லையும் பார்லியையும் தின்றுவிட, மிஞ்சிய வைக்கோலைத் தின்று வயிற்றை நிரப்பியிருக்கிறது. மந்தையிலும் மாமியார் உண்டு.

கை அந்த எலும்பில் இருக்கும்போதே எனக்கு எங்கள் வள்ளி ஞாபகம் வந்துவிட்டது.

தோட்டத்தில் அப்பா பால்வெட்டு. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மூன்று மாடுகள். அவற்றில் வள்ளிதான் அதிகம் கறப்பாள். 1976 என்று நினைவு. எனக்குப் பத்து வயது. ஜனவரி, பிப்ரவரி வறட்சி. போதாததற்குத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு, மாட்டை வெளியே விட்டால் பிடித்துக் கட்டிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வள்ளி அப்போது ஏழு மாதச் சினை, கறவை நின்றிருந்தது. அப்பா தஞ்சோங் காராங் பக்கம் நெல் அறுத்த வயல்களிலிருந்து சைக்கிளில் வைக்கோல் கட்டிக் கொண்டுவருவார். இரண்டு மாதத்துக்கும் மேல் அந்த வைக்கோலும் தண்ணீரும்தான். கறக்கும் மாட்டுக்குத்தான் புண்ணாக்கு. வள்ளியின் தொட்டியில் போடவில்லை.

வள்ளியின் வயிறோ பெருத்துக்கொண்டே போனது. லயத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "என்னா வயிறு! ரெட்டைதான்" என்றார்கள். பாட்டி உடனே மிளகாய் சுற்றிப் போட்டார். கன்று பிறந்தது. ஒன்றுதான், ரொம்பச் சின்னது. எழுந்து நிற்கவில்லை. அப்பா தூக்கிப் பிடித்து மடியில் வாய் வைத்துவிட்டார். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் விடியலில் கன்று செத்துக் கிடந்தது. "ஊர்க் கண்ணு பட்டுப்போச்சு" என்றார் பாட்டி. வள்ளி அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சினை பிடிக்கவே இல்லை. மாட்டு வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போனபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஊர்க் கண் என்றுதான் நானும் இத்தனை வருடம் வைத்திருந்தேன். படித்தவளாயிற்றே என்று வெட்கமாக இருந்தாலும், வேறு காரணம் தெரியாததால் அதுவே இருந்துவிட்டது.

பண்ணை வீட்டுச் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டே தம்பி மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கன்றின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நடக்கிறது. அதே நேரத்தில் பெரிதாகும் கன்று தாயின் வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தாயால் முன்பு போல் தின்ன முடியாது. தேவை கூடும்போது தீனி குறைகிறது. அப்போது போடுவது சத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாய் தன் சதையைக் கரைத்துக் கன்றுக்குக் கொடுக்கும். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றிலேயே கொஞ்சம் வந்துவிடுகிறது. மாட்டுக் கன்றுக்கு அப்படி வராது. எல்லாமே சீம்பாலில்தான், அதுவும் பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள். இளைத்த தாயிடம் சீம்பால் குறைவு, சத்தும் குறைவு. கன்று எழுந்து குடிக்கவும் தெம்பு வேண்டும்.

"அப்புறம் ஏன் சினை பிடிக்கலை?"

அவன் காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டான். சினைக்காலம் 283 நாள். வருடம் 365. மிச்சம் 82 நாள். அதற்குள் மாடு தேறி, மறுபடி பருவத்துக்கு வந்து, சினையாக வேண்டும். அப்போதுதான் வருடம் ஒரு கன்று. எலும்பும் தோலுமாகக் கன்று போட்ட மாட்டுக்கு அந்த 82 நாள் போதாது. ஒரு மதிப்பெண் ஏற வேண்டுமென்றால் சுமார் 90 கிலோ சதை போட வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே அது எப்படி முடியும்?

இன்னொன்றும் சொன்னான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மணற்குன்றுப் பண்ணையில் ஓர் ஆய்வு, 2007ல் வெளிவந்தது. குளிர்காலத்தில் சினை மாடுகளில் ஒரு பகுதிக்கு மட்டும் கடைசி மாதங்களில் நாளுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான புரதத் தீனியைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிறந்த கிடேரிகள் வளர்ந்து பருவத்துக்கு வந்தபோது, அந்தத் தீனி கிடைத்த தாய்களின் மகள்களில் 93 விழுக்காடு சினை பிடித்தன. கிடைக்காதவற்றின் மகள்களில் 80. தாய் தின்ற ஒரு கைப் புண்ணாக்கு, மகளின் வயிற்றில் போய் நிற்கிறது. அவன் இதைச் சொல்லும்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அவன் மகளைத்தான் நான் நினைத்தேன், அவனும் நினைத்திருப்பான். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த இளம் மாட்டை அன்றே தலைச்சினைக் கிடேரிகளோடு சேர்த்துப் பிரித்துவிட்டார்கள். அங்கே முட்டுவதற்குப் பெரியவர்கள் இல்லை. நல்ல புல், பார்லியைச் சிறுகச் சிறுகத்தான் கூட்டுவார்கள், திடீரென்று தானியம் போட்டால் வயிறு புளித்துவிடும். மார்ச் நடுவில் கன்று போட வேண்டும். "மூணுக்கு வராது. இதுக்கு மேல இளைக்காம பார்த்துக்கலாம்" என்றான். நவம்பரிலேயே கையை வைத்துப் பார்த்திருந்தால் சுலபம், இப்போது செலவு மூன்று மடங்கு என்று பண்ணைக்காரர் தன்னையே திட்டிக்கொண்டார்.

கிளம்பும்போது மணி ஐந்து. இருட்டிவிட்டது. அப்போதுதான் டிராக்டரில் தீனியை ஏற்றிக்கொண்டிருந்தார். இந்நேரத்திலா என்று கேட்டேன். கன்று போடும் பருவம் நெருங்கும்போது மாலையில் தீனி போட ஆரம்பித்துவிடுவார்களாம். அப்படிச் செய்தால் அதிகமான கன்றுகள் பகலில் பிறக்கின்றன. 1970களில் மானிடோபாவைச் சேர்ந்த கோனெஃபல் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் கவனித்துச் சொன்னது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். மைனஸ் 28ல் நடுராத்திரி பிறக்கும் ஈரக் கன்றின் காது உறைந்து உதிர்ந்துவிடும் என்பதால் இது பெரிய விஷயம்.

ஆல்பர்ட்டாவில் மாலை ஐந்து என்றால் நமக்கு மறுநாள் காலை எட்டு. காரிலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். 86 வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். ஊர்க் கண் இல்லைப்பா, வைக்கோல்தான் காரணம், புரதம் போதவில்லை, நுண்ணுயிர், சீம்பால் என்று படித்த பிள்ளை மாதிரி மூச்சுவிடாமல் சொன்னேன். முழுசும் கேட்டார்.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"புண்ணாக்கு போட்டிருக்கணும்னு அப்பவே தெரியும். விலாவைத் தொட்டா தெரியாதா? அந்த மாசம் உனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்துச்சு. தம்பிக்கும் காய்ச்சல். பால் கறக்காத மாடுதானே, கொஞ்ச நாள் தாங்கும்னு பார்த்தேன். பாட்டி கண்ணுன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தச் சப்பாத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைத் துணிச் சப்பாத்து. வாராவாரம் சுண்ணம் பூசிக் காயவைப்பேன்.

அப்பாவே பேச்சை மாற்றினார். "அங்க என்ன குளிர்? மைனஸ் 28ஆ? மாட்டுக்குச் சாக்குப் போட்டிருக்காங்களா?"

சாக்கெல்லாம் இல்லை, ரோமமே போதும், காற்றுக்குப் பலகை வேலி இருக்கிறது, படுக்க வைக்கோல் பரப்புகிறார்கள் என்றேன். பனி உருகாமல் முதுகில் கிடக்கும் கதையையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஒரு சாக்காவது போடச் சொல்லு" என்றார்.

ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. தம்பி மகன் அந்த இளம் மாட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். அப்பா என் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றையும் பார்ப்பதில்லை. நேராக இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவே போகிறார். நேற்றும் பார்த்தார்.

"பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் பிடிக்கணும்" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.